வடசென்னையில் பஸ்ஸில் போய் நடக்க ஒரு கரை இருக்கிறதா?

5 ஜனவரி 2025, ஞாயிறு காலை
(பெரம்பூர்க்காரர் கேட்டது)

"வண்டி கிடையாது, ஓட்டவும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய், தண்ணீர் ஓரமாகவோ வயல் ஓரமாகவோ ரெண்டு மணி நேரம் நடந்துவிட்டு பஸ்ஸிலேயே வீடு திரும்ப வேண்டும். தெற்கே இருப்பவர்கள் அடையாறு, முட்டுக்காடு என்று அடுக்குகிறார்கள். நம் பக்கம் லாரியும் தூசியும்தான், நடக்க ஒன்றும் இல்லை என்பது என் முடிவு. தப்பென்றால் சொல்லுங்கள்."

அன்று இரவு 9.40

தப்பு.

நான் திருவொற்றியூர். வாரத்தில் ஆறு நாள் பாரிமுனையில் கப்பல் சரக்குக்கு பில் போடும் வேலை. ஏழாவது நாள் வீட்டில் இருந்தால் ஒட்டடை அடிக்கச் சொல்வார்கள் என்பதால் இருபது வருஷமாக நடக்கிறேன்.

லாரி, தூசி இரண்டும் உண்மைதான். ஆனால் தண்ணீர் எங்கெல்லாம் இருக்கிறது என்று பாருங்கள். கொசஸ்தலை ஆறு எண்ணூரில் கடலுக்குப் போகிறது. ஆரணியாறு பழவேற்காட்டில் போய் முடிகிறது. புழல், சோழவரம் ஏரிகள் இரண்டும் இந்தப் பக்கம். பக்கிங்காம் கால்வாய் பேசின் பிரிட்ஜைத் தாண்டி ஆந்திரா வரைக்கும் போகிறது. இவ்வளவு தண்ணீர் இருந்தால் அவ்வளவு கரையும் இருக்கும் அல்லவா? கரை இருந்தால் ஆடு மாடு ஓட்டுகிறவர் போட்ட ஒற்றையடிப் பாதையும் இருக்கும்.

என் வழக்கம் இது. இடத்தைத் தேட மாட்டேன். ஒரே தண்ணீரை இரண்டு வேறு தடத்து பஸ்கள் எங்கெங்கே தொடுகின்றன என்று தேடுவேன். ஒன்றில் போய் இறங்கி, கரையோடு நடந்து, மற்றதைப் பிடித்து வீடு வந்துவிடுவேன். போன வழியே திரும்பி நடக்க எனக்குப் பிடிக்காது. போகும்போது பார்த்த குப்பையையே வரும்போதும் பார்க்க வேண்டும்.

வழிகளைப் பிறகு எழுதுகிறேன். இப்போதைக்கு ஒன்று: பக்கிங்காம் கால்வாய் தாது வருஷப் பஞ்சத்தில், பசித்த ஜனங்களுக்கு வேலை கொடுக்க வெட்டியது. நடக்கும்போது அதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

6 ஜனவரி, மதியச் சாப்பாட்டு நேரம்

நேற்று கடைசியில் எழுதினது தப்பு. விவரம் தெரிந்த ஒருவர் தனியாக எழுதித் திருத்தினார்.

நம் பக்கத்துக் கால்வாய் பஞ்சத்துக்கெல்லாம் ரொம்ப முந்தியது. பேசில் காக்ரேன் என்ற வெள்ளைக்காரர் 1806-இல் வெட்ட ஆரம்பித்தது, சென்னையிலிருந்து எண்ணூர் வரை. அப்போது பெயர் காக்ரேன் கால்வாய். 1837-இல் அரசு எடுத்துக்கொண்டு மேலும் நீட்டியது. 1876 முதல் 78 வரை நடந்த பஞ்சத்தில் வெட்டியது கூவத்தையும் அடையாற்றையும் சேர்க்கிற எட்டு கிலோமீட்டர் துண்டு. அப்போது கவர்னராக இருந்த பக்கிங்காம் பிரபுவின் பெயரை அதற்கு வைத்து, பிறகு மொத்தக் கால்வாய்க்கும் அதுவே ஆகிவிட்டது. ஆக, எழுபது வருஷம் மூத்தது நம் துண்டு, பெயர் மட்டும் தெற்கேயிருந்து வந்தது. மாமனார் வீட்டுப் பெயரை மாப்பிள்ளைக்கு வைத்த மாதிரி.

நீளம் கேட்டிருந்தார்கள். ஆந்திராவில் 257 கிலோமீட்டர், தமிழ்நாட்டில் 163. கூட்டிப் பாருங்கள், 420. சிரிக்கக் கூடாது. 796 என்று சொல்கிறவர்கள் காக்கிநாடா பக்கத்துக் கால்வாய்களையும் சேர்த்துச் சொல்கிறார்கள்.

12 ஜனவரி, ஞாயிறு மாலை

முதல் வழி. இன்று காலைதான் மறுபடி நடந்து பார்த்தேன், பழைய ஞாபகத்தில் எழுதி மாட்டிக்கொள்ள வேண்டாம் என்று.

மழைக்காலத்தில் டிவியில் கீழே ஓடுமே: "புழல் ஏரியிலிருந்து உபரிநீர் திறப்பு. நாரவாரிக்குப்பம், வடகரை, கிராண்ட்லைன், புழல், வடபெரும்பாக்கம், மஞ்சம்பாக்கம், கொசப்பூர், மணலி, சடையங்குப்பம் பகுதி மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு..." வருஷா வருஷம் கேட்டுக் கேட்டு ஒருநாள் உறைத்தது: கண்டக்டர் ஸ்டாப்பிங் சொல்வது மாதிரியே இருக்கிறதே! இது ஒரு தடம். தண்ணீர் போகிற தடம். அப்படியே நடந்தால் என்ன என்று கிளம்பினதுதான் என் முதல் கால்வாய் நடை.

மாதவரத்திலிருந்து செங்குன்றம் போகும் உள் சாலையில் வடபெரும்பாக்கம் என்று கேட்டு இறங்குங்கள். 57-இல் ஏறிவிடாதீர்கள். அதுவும் செங்குன்றம்தான், ஆனால் மூலக்கடை, புழல் வழி. ஏறும்போதே கண்டக்டரிடம் வடபெரும்பாக்கம் போகுமா என்று ஊர் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். எண்ணை நம்புவதைவிட இது மேல்.

வெள்ளத்தில் மூழ்கிப் பத்திரிகையில் படம் வருமே, அந்தப் பாலத்தருகில்தான் இறங்குகிறோம். இன்று தண்ணீர் அடியில் அமைதியாகப் போனது. கிழக்கே திரும்பிக் கரையில் ஏறினால் முதல் பத்து நிமிஷம் கோடவுன் சுவர்தான். இங்கேயே மனசு விட்டுத் திரும்பிவிடுகிறார்கள் பலர். பொறுங்கள். சுவர் முடிந்ததும் நெய்வேலிக் காட்டாமணக்குப் புதர், ஊதாப் பூவோடு ஆள் உயரத்துக்கு. அதற்கு அப்புறம் சம்பு. சம்புக்குள் நீலத் தாழைக்கோழி ஒன்று, சிவப்புக் காலைத் தூக்கித் தூக்கி வைத்து, சேறு பட்டுவிடுமோ என்று பயப்படுகிற மாதிரி நடந்து போனது. மின்கம்பியில் நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டு இருந்தன. எருமைகள் மூக்கும் கொம்பும் மட்டும் வெளியே தெரியக் கிடந்தன.

புழல் ஏரி 1876-இல் கட்டியது, கொள்ளளவு 3,300 மில்லியன் கனஅடி. அது நிரம்பி வழிகிறபோது வருகிற தண்ணீர்தான் இந்தக் கால்வாயில் ஓடி எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போகிறது. அதனால் ஐப்பசி, கார்த்திகையில் இந்தக் கரைப் பக்கமே போகாதீர்கள். தை, மாசி நல்ல காலம். சித்திரையில் தண்ணீர் வற்றி நாற்றம் மட்டும் மிஞ்சும்.

கொசப்பூருக்குக் கொஞ்சம் முன்னால் நாலு பையன்கள் தூண்டில் போட்டு ஜிலேபிக் கெண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். பெயிண்ட் வாளியில் ஏழெட்டு மீன். நான் நின்று பார்த்ததும் ஒருவன், "இன்னா அங்கிள், அளக்க வந்துகிறியா?" என்றான்.

"இல்லப்பா, சும்மா நடக்கிறேன்."

"சும்மாவா?" என்று மற்றவர்களைப் பார்த்தான். யாரும் நம்பவில்லை. நான் கண்ணுக்குத் தெரியாமல் போகிற வரைக்கும் நாலு பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கொசப்பூரில் வெளியே வந்தால் மணலி பஸ் கிடைக்கும். மேலே மணலி வரை கரையிலேயே போகலாம் என்று போன மாதம் ஒருவருக்குச் சொல்லியிருந்தேன். இப்போது முடியாது. கன்டெய்னர் யார்டு வேலி கரை வரைக்கும் வந்துவிட்டது. மொத்தம் ஒன்றரை மணி நேர நடை. என் வேகம் மெதுவேகம், அதையும் கணக்கில் வையுங்கள்.

13 ஜனவரி, போகி

நாய் இருக்குமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். இருக்கும். குடை கொண்டுபோங்கள். பக்கத்தில் வந்தால் பட்டென்று விரியுங்கள். அடிக்கவெல்லாம் வேண்டியதில்லை. விரிகிற சத்தத்துக்கே இரண்டடி பின்னால் போய்விடும்.

இன்று நடக்க வேண்டாம். போகிப் புகையில் எதிர்வீட்டு மாடி தெரியவில்லை.

19 ஜனவரி, ஞாயிறு இரவு

இரண்டாவது வழி, எண்ணூர். திருவொற்றியூர் வரை வர 1-ஆம் நம்பர் இருக்கிறது, திருவான்மியூரிலிருந்து நகரத்தையே நீளவாக்கில் கிழித்துக்கொண்டு வரும். அங்கிருந்து எண்ணூருக்கு வேறு பஸ். எண்ணூரில் இறங்கித் தாழங்குப்பம் பக்கம் போய், கொசஸ்தலை கடலைத் தொடுகிற முகத்துவாரத்தைப் பார்த்துவிட்டு, ஆற்றின் உட்பக்கமாகக் காட்டுக்குப்பம் நோக்கி நடப்பது. கடல் ஒரு பக்கம், ஆறு ஒரு பக்கம், துறைமுகத்துக் கிரேன் ஒரு பக்கம், அனல் மின் நிலையப் புகைபோக்கி ஒரு பக்கம். நாலு திசைக்கும் ஒவ்வொன்று வந்துவிட்டதா? அழகு என்று சொல்ல மாட்டேன். ஆனால் நின்றால் கால் நகராது.

கால்வாய் ஆற்றோடு சேருகிற பக்கத்தில் காலையில் ஒரு நீல ஹவாய் செருப்பு தண்ணீரில் போனது. ஒற்றைச் செருப்பு, இடது கால், வார் அறுந்தது. தெற்கே, அதாவது ஊரைப் பார்த்துப் போனது. கால்வாய் எண்ணூரை நோக்கித்தானே ஓட வேண்டும், இது ஏன் உள்ளே போகிறது என்று பார்த்துவிட்டு நடந்துவிட்டேன். டீ குடித்து, முகத்துவாரம் போய், ஒரு மூன்று மணி நேரம் கழித்து அதே இடத்துக்கு வந்தேன். அதே செருப்பு வடக்கே திரும்பி வந்துகொண்டிருந்தது. அதே இடது கால், அதே அறுந்த வார்.

வலை உதறிக்கொண்டிருந்தவரைக் கேட்டேன். "கடல் ஏறிச்சு, உள்ள போச்சு. இப்ப வடியுது, வெளிய வருது" என்றார், இதைக் கூடவா கேட்பார்கள் என்கிற குரலில். கால்வாய்க்குச் சரிவே கிடையாது. கடலோரமாகச் சம தரையில் வெட்டியது. கடல் ஏறினால் ஒரு பக்கம், இறங்கினால் மறு பக்கம். அந்தக் காலத்துப் படகுக்காரர்கள் இதைக் கணக்குப் பண்ணித்தான் கிளம்பியிருப்பார்கள். நாம் பஸ் டைம் பார்ப்பது மாதிரி.

காட்டுக்குப்பம் பக்கத்தில் இருளர் பெண்கள் இருவர் இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் அடிச் சேற்றைத் துழாவுகிறார்கள். பிடித்ததைப் போட ஓலையில் முடைந்த பறி. கை இரண்டும் சேற்றில் இருப்பதால் பறியின் விளிம்பைப் பல்லால் கடித்துக்கொள்கிறார்கள். ஒருவர் என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தார், வாயில் பறி. கண்ணாலேயே "தள்ளிப் போ" என்றார். போனேன்.

இப்போது அந்தச் சேற்றில் காக்கா ஆழி பரவியிருக்கிறது. வெளிநாட்டுச் சிப்பி. அடியில் கம்பளம் மாதிரி படர்ந்து, இறால் ஒதுங்குகிற சேற்றை மூடிவிடுகிறது. துழாவினால் கையைக் கிழிக்கிறது. கரையில் குவித்துப் போட்டிருந்தார்கள். ஒன்றை எடுத்துப் பார்த்தேன், சுண்டுவிரல் நீளம், கறுப்பு, ஓரம் பிளேடு.

திரும்பும்போது பஸ்ஸுக்காக நிற்கப் பொறுமையில்லாமல் எண்ணூர் ஸ்டேஷனில் ரயில் ஏறிவிட்டேன்.

19 ஜனவரி, 11.15

"பஸ் என்றுதானே கேட்டார், ரயிலை எதற்கு இழுக்கிறீர்கள்?" சரி ஐயா. அபராதம் கட்டுகிறேன்.

20 ஜனவரி

காரமான ஒரு பதில் வந்திருக்கிறது. எண்ணூரை நடக்கும் இடமாக எழுதுவது அங்கே இருப்பவர்களைக் கேலி செய்வது, சாம்பலும் எண்ணெயும் கலந்த தண்ணீரைச் சுற்றுலாப் பொருளாக்குகிறேன் என்று.

ராத்திரி படித்துவிட்டுக் கோபப்பட்டேன். காலையில் படித்தபோது அவ்வளவு கோபம் வரவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் மழை வெள்ளத்தோடு எண்ணெய் வந்து முகத்துவாரம் முழுக்கப் பரவியபோது நான் போய்ப் பார்த்தேன். படகெல்லாம் விளிம்பு வரை தார் பூசின மாதிரி. கூழைக்கடா ஒன்று மார்பு முழுக்கக் கறுப்பாக உட்கார்ந்திருந்தது. ஆட்கள் முறத்தாலும் வாளியாலும் எண்ணெயை அள்ளிக்கொண்டிருந்தார்கள். அதை நேற்றைய குறிப்பில் எழுதாமல் விட்டுவிட்டேன். செருப்புக் கதை சொல்கிற சந்தோஷத்தில் விட்டது. அது குறைதான்.

ஆனால் போகாதே என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். இந்த ஊரில் எரிகிற விளக்குக்கு மின்சாரம் அந்தப் பக்கத்திலிருந்து வருகிறது. திருவொற்றியூரில் இருந்துகொண்டு நானே ஆறு கிலோமீட்டர் தள்ளி என்ன நடக்கிறதென்று பார்க்காமல் இருபது வருஷம் இருந்திருக்கலாம். நடந்ததால் பார்த்தேன். மீன் மட்டும் அங்கே வாங்கிச் சாப்பிடலாமா என்று கேட்டால் பதில் சொல்லத் திணறுவேன். வாங்கியிருக்கிறேன்.

26 ஜனவரி, ஞாயிறு

பேசின் பிரிட்ஜிலிருந்து கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை வரை கால்வாய்க் கரையில் நடக்கலாமா என்று கேள்வி. வரைபடத்தில் நேர்க்கோடாகத் தெரிகிறது, இரண்டு முனையிலும் பஸ் கொட்டிக் கிடக்கிறது, என் விதிப்படி இதுதான் முதல் தரமான நடை அல்லவா என்கிறார்.

விதிப்படி சரி. நான் இரண்டு முறை போனேன். மூன்றாம் முறை போகவில்லை.

எங்கள் அத்தை வீட்டுக்காரருக்குக் கால்வாயோரம் விறகுத் தொட்டி இருந்தது. ஆந்திரா பக்கத்திலிருந்து சவுக்குக் கட்டை படகில் வரும். படகுக்காரர் இரண்டு பேர், நீளக் கழியை ஊன்றி, படகின் விளிம்பிலேயே முன்னிருந்து பின்னால் நடந்து தள்ளிக்கொண்டு வருவார்களாம். "ஆளு பின்னால நடப்பான், படகு முன்னால போகும்" என்று அத்தை அபிநயம் பிடித்துக் காட்டுவார். உப்பு, நெல், சுண்ணாம்புக்குச் சிப்பி எல்லாம் இப்படித்தான். 1965, 66 புயல்களில் கால்வாய் நாசமாகிப் படகு நின்றது. தொட்டியும் போனது. அந்த இடம் எதுவென்று பார்க்கத்தான் நான் போனேன்.

தொட்டி இருந்த இடம் தெரியவில்லை. கரை என்று ஒன்றே அங்கு இல்லை, எல்லாம் வீடுகள். பாதை என்று நான் நினைத்து நடந்தது ஒரு அம்மாவின் சமையல் இடம். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. தாண்டிப் போக வழி கேட்டேன். "யாருப்பா, போர்டா?" என்றார். குடிசை மாற்று வாரியத்து ஆள் என்று நினைத்திருக்கிறார். கால்வாய்க் கரைக் குடும்பங்களைக் கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்று இருபது கிலோமீட்டருக்கும் மேல் தள்ளிக் கொண்டுபோய் வைத்த கதை எல்லோருக்கும் தெரியும். சட்டைப் பையில் பேனா செருகிக்கொண்டு கரையில் மெதுவாக நடக்கிறவன் அவர்களுக்கு வேறு யாராகத் தெரிவான்? கொசப்பூர்ப் பையன் "அளக்க வந்துகிறியா" என்று கேட்டதைச் சிரிப்புக்கு எழுதியிருந்தேன். அவனும் சிரிப்புக்குக் கேட்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

அதனால் இந்த வழியைச் சொல்லித் தர மாட்டேன். பாலத்தின் மேலிருந்து பாருங்கள், போதும்.

2 பிப்ரவரி, ஞாயிறு, இரவு 10.50

ஞாயிற்றுக்கிழமை ஞாயிறு போனேன். இப்போதுதான் வீட்டுக்குள் நுழைகிறேன். கால் வலிக்கிறது, விவரமாக நாளைக்கு.

3 பிப்ரவரி

செங்குன்றத்திலிருந்து வடக்கே போகிற பஸ்ஸில் ஞாயிறு என்ற ஊர். கொசஸ்தலை ஆற்றோரம். புஷ்பரதேஸ்வரர் கோயில் இருக்கிறது, சூரியன் வழிபட்ட தலம். சுந்தரர் திருவொற்றியூரில் கல்யாணம் செய்துகொண்ட சங்கிலியார் பிறந்த ஊர் இதுதான். ஆக எங்கள் ஊர் சம்பந்தி வீடு.

கேட்ட மாதிரி வயல் வேண்டுமென்றால் இங்கேதான். ஒரு பக்கம் அறுத்த தாள், ஒரு பக்கம் நட்டுப் பத்து நாள் ஆன பயிர், நடுவில் வரப்பு. பனைமரங்கள் ஆற்றங்கரை வரை வரிசையாக. காற்றடித்தால் பனையோலை சலசலப்பது மழை வருகிற மாதிரி கேட்கும், இரண்டு முறை மேலே பார்த்து ஏமாந்தேன். ஆற்றில் மணல் மேடும் சீமைக் கருவேலமும் அதிகம், தண்ணீர் ஒரு ஓரமாக ஓடுகிறது. மடையான் ஒன்று அசையாமல் நின்று, நான் மூன்றடிக்குள் வந்ததும் வெள்ளை வெளேரென்று இறக்கை விரித்துப் பறந்தது. உட்கார்ந்தால் சேற்று நிறம், பறந்தால் வெள்ளை, எத்தனை முறை பார்த்தாலும் திடுக்கிடும்.

நான்கு மணிக்குத் திரும்பி ஸ்டாப்பிங்கில் நின்றேன். ஐந்தரைக்கு வண்டி என்று காலையில் ஒருவர் சொல்லியிருந்தார். ஆறு ஆனது. பெட்டிக்கடை அம்மா நிதானமாகச் சொன்னார்: "அது மத்த நாள்லப்பா. ஞாயித்துக்கிழமை அந்த வண்டி வராது."

"அடுத்தது?"

"ராத்திரி தங்குற வண்டி வரும். அது காலையிலதான் கிளம்பும்."

திருவொற்றியூர் எல்லையைத் தாண்ட மாட்டேன் என்று சங்கிலியாருக்குச் சத்தியம் பண்ணிக் கொடுத்துவிட்டுத் தாண்டினார் சுந்தரர், இரண்டு கண்ணும் போனது. நான் தாண்டினதற்குப் பஸ் மட்டும்தான் போனது, பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டேன். கடைசியில் பால் கேனோடு போன ஒருவர் டி.வி.எஸ். வண்டியில் ஏற்றிக்கொண்டார். எனக்கு இடம் இரண்டு கேனுக்கு நடுவில். மேடு பள்ளம் வரும்போதெல்லாம் "சார், கேனைப் பிடிச்சுக்கோங்க" என்றார். என்னைப் பிடித்துக்கொள்ளச் சொல்லவில்லை.

முதல் குறிப்பில் எழுதின விதியோடு இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: திரும்புகிற பஸ்ஸை இறங்கின உடனே விசாரியுங்கள். இரண்டு பேரிடம், அதுவும் "ஞாயித்துக்கிழமை வருமா" என்றே கேட்டு விசாரியுங்கள்.

4 பிப்ரவரி

செலவு கேட்டவருக்கு: சாதாரண பஸ்ஸில் குறைந்த கட்டணம் ஐந்து ரூபாய். பெண்களுக்கு 2021 மே முதல் இலவசம். நான் ஆயிரம் ரூபாய் மாதப் பாஸ், ஆபீஸ் போகிறதற்கு வாங்கியது, ஞாயிற்றுக்கிழமைக்கும் செல்லும். வீட்டம்மா ஒருமுறை கூட வந்து, "எனக்கு ஓசி, உங்களுக்கு ஆயிரம். இதுல நடக்கறது வேற" என்றார். அப்புறம் வரவில்லை.

11 பிப்ரவரி, செவ்வாய்

சிறுவாபுரி முருகன் கோயில் வழி கேட்டிருக்கிறீர்கள். செங்குன்றம் தாண்டி, ஆந்திரா போகிற ஜி.என்.டி. நெடுஞ்சாலையில் கோயில் ஆர்ச் அருகே இறங்கினால் கோயிலுக்கு மூன்று கிலோமீட்டர் அளவு உள் சாலை, இரண்டு பக்கமும் வயல். நல்ல நடை. ஆனால் இன்று போகாதீர்கள். சொந்த வீடு வேண்டி ஆறு செவ்வாய் போகிறவர்கள் கூட்டம் எந்தச் செவ்வாயிலும் உண்டு. இன்று செவ்வாய், தைப்பூசம், இரண்டும் சேர்ந்துகொண்டது. நடக்க இடம் இருக்காது, தள்ளிக்கொண்டு போய் விடுவார்கள். வியாழன் போங்கள், முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

16 பிப்ரவரி, ஞாயிறு இரவு

பழவேற்காடு. கேள்வி கேட்ட பெரம்பூர்க்காரரும் வந்தார். என்னைவிட இளையவர், என்னைவிட வேகம், பேச்சு குறைவு.

பொன்னேரி போய் அங்கிருந்து பழவேற்காடு பஸ். ஜன்னலோரம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கடைசி ஐந்து கிலோமீட்டரில் மண் நிறம் மாறும், காற்றில் கருவாட்டு வாசனை ஏறும், பனை குறைந்து வெட்டவெளி ஆகும். நாம் இத்தனை நாளாகக் கரை கரையாகத் துரத்திய பக்கிங்காம் கால்வாய் இங்கே வந்து ஏரிக்குள் கலந்துவிடுகிறது. எது கால்வாய், எது ஏரி என்று விரல் நீட்டிக் காட்ட முடியாது. நாட்டிலேயே இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி, எதிர்க்கரை கண்ணுக்கு எட்டாது.

பூநாரை தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடாகத்தான் தெரிந்தது. திடீரென்று கோடு எழும்பியது, எழும்பின கணத்தில் இளஞ்சிவப்பு. பெரம்பூர்க்காரர் "ஓ" என்றார். அன்றைக்கு அவர் பேசினதில் பாதி அதுதான்.

டச்சுக்காரர் கல்லறைக்கும் போனோம். வாசலில் இரண்டு எலும்புக்கூடுகள் செதுக்கி நிற்க வைத்திருக்கிறார்கள், காவல்காரர் மாதிரி. கல்லில் எழுத்தும் கப்பலும் குலச்சின்னமும் இன்னும் கூர்மையாக இருக்கின்றன. 1613-இல் கட்டின கெல்டிரியா கோட்டை இருந்த இடம் முள்ளுக்காடு. பக்கத்துத் தெருவில் முஸ்லிம் வீட்டுப் பெண்கள் பனையோலைக் கூடை முடைகிறார்கள். சாயம் போட்ட ஓலை, விரல் அசைவது தெரியாத வேகம். ஒரு சின்னக் கூடை வாங்கினேன். இங்கே படகில் ஏறச் சொல்லி யாராவது கூப்பிட்டால் ஏறாதீர்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள்.

திரும்பும்போதுதான் பெரம்பூர்க்காரர் வாயைத் திறந்தார். "சார், ரெண்டு பஸ் விதி சொன்னீங்களே, வேற பஸ் எது?"

வேறு பஸ் இல்லை. காட்டுப்பள்ளி பக்கமாகக் கடலோரச் சாலை ஒன்று உண்டு. கடல் ஏறி மணல் மூடிக்கொள்கிற சாலை, அதை நம்பிக் கிளம்ப எனக்குத் துணிவில்லை. வந்த பொன்னேரி பஸ்ஸிலேயே, அதே கண்டக்டரிடம் டிக்கெட் வாங்கித் திரும்பினோம். காலையில் வலது பக்க ஜன்னல் என்பதால் மாலையில் இடது பக்கம் உட்கார்ந்தோம். அப்படியானால் காலையில் பார்த்ததையேதான் மறுபடி பார்ப்போம் என்று பாதி வழியில் உறைத்தது. எழுந்து மாறலாமென்றால் கூட்டம்.

18 பிப்ரவரி

குடையைப் பொன்னேரி பஸ்ஸில் விட்டுவிட்டேன். கறுப்பு, மரப்பிடி, ஒரு கம்பி வளைந்தது. அந்தப் பக்கம் போகிறவர்கள் யாராவது டிப்போவில் கேட்டுப் பாருங்கள். அது வரை நாய் இல்லாத கரை எதுவென்று தெரிந்தவர்கள் சொல்லவும்.

18 பிப்ரவரி, மதியம்

ரெட்டேரி என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். அங்கே நாய் இல்லையா? நீங்கள் எத்தனை மணிக்குப் போனீர்கள்?